பதற்றம் ஏற ஏற ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

என் அண்ணி பட்டுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூர் செங்காங்குக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் ஒருநாள், இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, பக்கத்து வீட்டுக் கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிவாரிப்போடுகிறது என்று அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குத் தனியாகவே போனார். டாக்டர் சீனர். என்ன செய்கிறது என்று கேட்டதும் அண்ணி தயங்காமல் சொல்லியிருக்கிறார்: ‘டாக்டர், ஐ ஆம் வெரி டென்ஷன்.’ டாக்டர் தலையாட்டிவிட்டு, பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்து அண்ணியின் கையில் சுற்றினார். அளந்து பார்த்தார். நார்மல் என்றார். உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

டாக்டர் மேல் தப்பு சொல்ல முடியாது. டென்ஷன் என்று காதில் விழுந்ததும் அவர் ரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொண்டார். நாம்தான் அந்தச் சொல்லைத் தமிழாக்கி வைத்திருக்கிறோம். பஸ் வராவிட்டால் டென்ஷன், மாமியார் வந்தால் டென்ஷன், ரிசல்ட் வரும் நாள் என்றால் வீடே டென்ஷன். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இழுத்துக் கட்டிய கயிற்றில் இருக்கும், இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும். ஆளைச் சொல்ல வேண்டுமானால் ‘டென்ஸ்’. அதிலும் தோளும் கழுத்தும் இறுகிக் கிடக்கிற மாதிரியான பொருள்தான் முன்னால் வரும். ‘ஐ ஸோ ஸ்ட்ரெஸ்’ என்பதும் இதே குடும்பம். சிங்கப்பூரில் எல்லா இனத்தாரும் அப்படித்தான் பேசுகிறோம், காப்பிக்கடையில் யாரும் திருத்த மாட்டார்கள். எழுதும்போது மட்டும் ‘ஸ்ட்ரெஸ்ட்’ என்று முடிக்க வேண்டும்.

நான் சாயங்காலத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலத் துணைப்பாடம் எடுக்கிறேன். அண்ணி இடறிய அதே இடத்தில்தான் பிள்ளைகளும் இடறுகிறார்கள். பயத்துக்கும் கவலைக்கும் ஆளுக்குப் பத்து ஆங்கிலச் சொற்றொடர் தெரியும். எது கீழ்ப்படி, எது மேல்படி என்பதுதான் குழப்பம். பதற்றம் ஒரே அடியாக வருவதில்லையே, படிப்படியாகத்தானே ஏறுகிறது? அந்த ஏற்றத்தை ஆங்கிலம் எப்படிக் காட்டுகிறது என்று புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

லிஃப்டில் ஏறிய பையன்

எதிர்வீட்டுப் பையன் தொடக்கநிலை ஆறு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் ஆங்கிலத் தாளில் கட்டுரைக்கு ஒரு தலைப்பும் மூன்று படங்களும் தருவார்கள், குறைந்தது 150 சொல் எழுத வேண்டும். அதற்குப் பழகுவதற்காக ‘காத்திருப்பு’ என்று ஒரு தலைப்பு கொடுத்தேன். தங்கை தேக்கா சந்தைக் கூட்டத்தில் காணாமல் போனதாக எழுதினான். முதல் வரி இது: ‘மை ஹார்ட் பவுண்டட் லைக் எ ட்ரம், பீட்ஸ் ஆஃப் பெர்ஸ்பிரேஷன் ட்ரிக்கிள்ட் டவுன் மை ஃபோர்ஹெட் அண்ட் தேர் வேர் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்.’ நெஞ்சு மத்தளமாக அடித்தது, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக உருண்டது, வயிற்றில் பட்டாம்பூச்சி பறந்தது.

மூன்றும் அவனுடைய துணைப்பாட நோட்டில் ‘நல்ல சொற்றொடர்கள்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தவை. இந்த ஊரில் அந்த நோட்டு இல்லாத பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம். நான் கேட்டேன்: ‘தங்கச்சி காணாமப் போயி ஒரு நிமிஷம்தான் ஆச்சு. அதுக்குள்ள இவ்வளவும் எழுதிட்டே. அரை மணி நேரம் கழிச்சு, இன்னும் கிடைக்கலைன்னு செக்யூரிட்டி வந்து சொல்றார். அப்ப என்ன எழுதுவே?’ அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். ‘வெரி வெரி ஸ்கேர்ட், ஆண்ட்டி.’

முதல் வரியிலேயே லிஃப்டில் ஏறிப் பன்னிரண்டாம் மாடிக்குப் போய்விட்டான். அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது.

அந்த மூன்றில் பட்டாம்பூச்சி இடமே மாறி உட்கார்ந்திருந்தது. ‘பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்’ கீழ்ப்படிச் சொல். மேடை ஏறும் முன், நேர்முகத் தேர்வுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, கல்யாண நாள் காலையில் வருவது அது. பயத்தோடு கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கும். உடம்பில் நடப்பது எளிது: பதற்றம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. வயிற்றில் ஏதோ படபடப்பது போலத் தெரிவது அதனால்தான். ஆனால் தங்கையைக் காணவில்லை என்றால் அங்கே பட்டாம்பூச்சிக்கு வேலை இல்லை. நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சினிமா பார்த்துப் பார்த்து வயிற்றில் பட்டாம்பூச்சி என்றாலே காதல் என்று மனதில் பதிந்துவிட்டது. காதலும் அந்தச் சொற்றொடருக்குள் அடங்கும்தான், ஆனால் அது மட்டும் இல்லை.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோமே, அதைப் பட்டாம்பூச்சி என்று மாற்றி எழுதும் பழக்கமும் இருக்கிறது. வேண்டாம். புளி கரைவது கெட்டது ஒன்று வரப்போகிறது என்று தெரிந்த பிறகு. அதற்குக் கிட்டத்தில் வருவது ‘எ நாட் இன் மை ஸ்டமக்’, வயிற்றில் முடிச்சு. இன்னும் மேலே போனால் ‘ட்ரெட்’ என்ற ஒற்றைச் சொல். அதில் ஆசையின் சாயல்கூடக் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்

படிகளைக் காட்ட, என் வீட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை என் மாமியார் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். ஏழு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் செங்காங் வரை அதே ஊதா நிற ரயில் பாதை, ஒன்பது நிறுத்தம், எங்கும் இறங்கி மாற வேண்டியதில்லை. தாமதமாக ஒரு காரணமும் இல்லை.

ஏழு பத்து. மனதுக்குள் ஓடியது ‘இந்நேரம் வந்திருக்கணுமே’ என்பதுதான். ஆங்கிலத்தில் ‘ஷி ஷுட் பி ஹோம் பை நௌ’. பயம், கவலை என்று ஒரு சொல்லும் அதில் இல்லை, பாருங்கள். தமிழில் அந்தக் கடைசி ஏகாரம் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ‘ஷுட்’ஆலும் ‘பை நௌ’ஆலும் செய்கிறார்கள். முதல் படிக்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது என்பது என் எண்ணம். உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமலே வாசிப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

ஏழு இருபத்தைந்து. போன் போட்டேன், மணி அடிக்கவே இல்லை, நேரே ரெக்கார்டிங்குக்குப் போனது. ‘ஐ ஃபெல்ட் எ லிட்டில் அன்ஈஸி.’ அன்ஈஸி என்பது கவலைக்கும் ஒரு படி கீழே. ஏதோ சரியில்லை, ஆனால் எது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. ‘எ நேகிங் ஃபீலிங்’ என்றும் சொல்லலாம், அது நச்சரிப்பது. சின்னப் பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்குமே, அப்படி.

ஏழு நாற்பது. ‘ஐ ஸ்டார்ட்டட் டு வொரி.’ இப்போதுதான் கவலையின் பெயர் வருகிறது. ‘ஐ வாஸ் வொரீட்’ என்று எழுதினால் உலை கொதித்தது என்று சொல்வது மாதிரி. ‘ஐ வாஸ் கெட்டிங் வொரீட்’ என்று எழுதினால் உலை கொதி வந்துகொண்டிருக்கிறது. இந்த ‘கெட்’ என்ற சின்ன வினைச்சொல்லைப் பிள்ளைகள் மதிப்பதே இல்லை, சாதாரணச் சொல்லாம். ஏறுகிற எதையும் சொல்ல அதுதான் கைக்கு எட்டுவது: கெட்டிங் வொரீட், கெட்டிங் மோர் அண்ட் மோர் வொரீட், கெட்டிங் வர்ஸ். கொஞ்சம் நடை கூட வேண்டுமென்றால் ‘க்ரோ’ போடலாம்: ‘ஐ க்ரூ இன்க்ரீஸிங்லி ஆங்ஷியஸ்.’

எட்டு மணி. மகன் பசிக்கிறது என்றான், தோசைக்கல்லை வைத்தேன், வைத்ததை மறந்துவிட்டு வாசலுக்குப் போனேன். ‘த லாங்கர் ஐ வெய்ட்டட், த மோர் ஆங்ஷியஸ் ஐ பிகேம்.’ இந்த ‘த லாங்கர், த மோர்’ அமைப்பைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, இது உனக்கு ஏற்கனவே தெரியும் என்பதுதான். நேரம் ஆக ஆக, காத்திருக்கக் காத்திருக்க, போகப் போக. தமிழில் சொல்லை இரட்டித்து ஏற்றத்தைக் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் ஒரு ‘த’ போட்டுக் காட்டுகிறார்கள். ‘வித் எவ்ரி பாஸிங் மினிட்’ என்பதும் இதே வேலைதான், ஒவ்வொரு நிமிடம் நகர நகர.

எட்டு இருபது. காரிடாரில் லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, டெலிவரி பையன், நாயோடு ஒருவர். ‘ஐ வாஸ் ஆன் எட்ஜ். எவ்ரி டைம் த லிஃப்ட் ஓப்பன்ட், ஐ ஜம்ப்ட்.’ ஆன் எட்ஜ் என்பது நமக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிற மனது. இதற்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று ‘ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்’. நெய்த துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள், அந்தச் சட்டம்தான் டென்ட்டர், துணி சுருங்காமல் பிடிக்கும் கொக்கிதான் டென்ட்டர்ஹூக். நெசவு ஊரில் பிறந்தவர்களுக்கு உடனே கண்ணில் தெரியும். பிள்ளைகள் பலர் இதை மென்மை என்ற பொருளுடைய ‘டெண்டர்’ ஆக்கிவிடுகிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எட்டு முப்பத்தைந்து. இங்கேதான் வாக்கியத்தில் ஒரு மாற்றம் நடக்கிறது. அதுவரை ‘ஐ’ என்று நான் எழுவாயாக இருந்தேன். இப்போது பயம் எழுவாயாகிவிடுகிறது: ‘பேனிக் பிகேன் டு செட் இன்.’ ‘எ கோல்ட் ட்ரெட் க்ரெப்ட் ஓவர் மீ.’ வண்டியின் கைப்பிடி என் கையிலிருந்து அதன் கைக்குப் போய்விட்டது. ‘செட் இன்’ என்றால் வந்து குடியேறுவது, மழைக்காலம் பிடித்துக்கொண்டது என்கிறோமே அப்படி. ‘க்ரீப்’ என்றால் ஊர்ந்து வருவது.

எட்டு நாற்பத்தைந்து. போன் அடித்தது. தெரியாத எண். ‘மை ஹார்ட் வாஸ் இன் மை மௌத்.’ நமக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிடும், அவர்களுக்கு இருதயம் வாய்க்கு வருகிறது. உச்சிப்படி இதுதான், ஒரு கட்டுரைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

பேசியது அத்தைதான். கைபேசியில் சார்ஜ் இல்லை, கோயிலில் பழைய தேபான் கார்டன்ஸ் வீட்டுக்காலத்துத் தோழியைப் பார்த்தாராம், இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் நிலையத்துக்கு வந்தார்களாம். ‘நீ சாப்பிட்டியாம்மா?’ என்று வேறு கேட்டார். ‘ரிலீஃப் வாஷ்ட் ஓவர் மீ.’ ஆங்கிலத்தில் நிம்மதி அலையாக வந்து நனைக்கிறது. தமிழில் வயிற்றில் பாலை வார்க்கிறது. கரைத்த புளிக்கு மேல் பால் ஊற்றினால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தோசைக்கல் கருகிப்போனது தனிக் கதை.

‘எனக்கு’ என்ற சொல்லின் சிக்கல்

அந்த எட்டு முப்பத்தைந்து மாற்றத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், நம்மவர்களுக்குப் பிரத்தியேகமான சிக்கல் அதில்தான் இருக்கிறது. தமிழில் உணர்ச்சி என்பது நமக்கு வருவது. எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குக் கவலையாக இருக்கிறது, எனக்குப் பசிக்கிறது. வந்து போகிற விருந்தாளி மாதிரி. ‘நான் பயந்தேன்’ என்று சொல்லலாம்தான், ஆனால் பேச்சில் ‘எனக்கு’தான் முதலில் வாய்க்கு வரும். ஆங்கிலத்தில் கீழ்ப்படிகளில் ‘ஐ’ இல்லாமல் நடக்காது: ஐ ஆம் வொரீட், ஐ ஃபீல் அன்ஈஸி. அதனால் தமிழில் யோசித்து எழுதும் பிள்ளை ‘ஃபியர் கேம் டு மீ’ என்று தொடங்குகிறது, ஆசிரியர் சிவப்புக் கோடு போடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், மேல்படிக்குப் போனதும் ஆங்கிலமே தமிழ் மாதிரி ஆகிவிடுகிறது. ஃபியர் க்ரிப்ட் மீ, பயம் என்னைக் கவ்வியது. பேனிக் டுக் ஹோல்ட் ஆஃப் மீ, பதற்றம் பிடித்துக்கொண்டது. நம் பழக்கம் கீழே தப்பு, மேலே சரி. எனவே பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான்: தரைத்தளத்தில் ‘ஐ’யோடு நட, பத்தாம் மாடி தாண்டியதும் பயத்தை முன்னால் விடு.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் உடம்பில் காட்டு என்று பள்ளிகளில் ‘ஷோ, நாட் டெல்’ சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏதோ புதுச் சரக்கு மாதிரி பெற்றோர்களும் பிரமிக்கிறார்கள். மனதில் உள்ளது மெய்யில் படுவதால் மெய்ப்பாடு என்று நம் இலக்கணத்தில் எப்போதோ பெயர் வைத்தாயிற்று. மெய்ப்பாடுகள் எட்டு, அச்சம் அதில் ஒன்று. பிள்ளைக்கு ‘ஷோ, நாட் டெல்’ புரியவில்லை என்றால் மெய்ப்பாடு என்று சொல்லிப் பாருங்கள், தாத்தா பாட்டியாவது உதவிக்கு வருவார்கள்.

பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்

நெர்வஸ், வொரீட், ஆங்ஷியஸ் மூன்றும் அகராதியில் ஒரே மாதிரி தெரியும். பேச்சில் ஆளுக்கு ஓர் இடம் உண்டு. நடக்கப்போகும் ஒரு நிகழ்வுக்கு முன் வருவது நெர்வஸ்: நாளைக்கு வாய்மொழித் தேர்வு, ஐ ஆம் நெர்வஸ். ஒருவரைப் பற்றியோ ஒரு விஷயத்தைப் பற்றியோ மனதில் ஓடிக்கொண்டே இருப்பது வொரீட்: ஐ ஆம் வொரீட் அபவுட் மை மதர். ஆங்ஷியஸ் இன்னும் கனமானது, காரணம் தெளிவாக இல்லாமலும் இருக்கலாம். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. ‘ஐ ஆம் ஆங்ஷியஸ் டு மீட் யூ’ என்று ஒருவர் மின்னஞ்சல் எழுதினால் உங்களைக் கண்டு நடுங்குகிறார் என்று பொருள் இல்லை, சந்திக்க ஆவலாக இருக்கிறார்.

வேரைத் தோண்டிப் பார்த்தால் வொரி, ஆங்ஷியஸ் இரண்டுமே கழுத்தில் போய் நிற்கின்றன. வொரி என்பதன் பழைய ஆங்கிலப் பொருள் கழுத்தை நெரிப்பது. ஆங்ஷியஸ் வந்தது நெருக்குவது, திணறவைப்பது என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து. தொண்டையை அடைத்தது, நெஞ்சை அடைத்தது என்று நாமும் அதே இடத்தைத்தான் காட்டுகிறோம்.

ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றுபவையும் இருக்கின்றன. ‘ஐ ஆம் ஆன் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்றால் என்ன ஆகுமோ என்று தவித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஐ ஹேவ் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்றால் கால் மரத்துப்போய் ஊசி குத்துகிறது, அவ்வளவுதான். ‘மை ஹார்ட் சாங்க்’ என்பதைப் பதற்றம் ஏறும் இடத்தில் போடுகிறார்கள், அது ஏறுவதே இல்லை, கெட்ட செய்தி தெரிந்தபின் மனது இறங்கிப்போவது. ‘மை ஹார்ட் ஸ்கிப்ட் எ பீட்’ ஒரு நொடித் திடுக்கிடல், சந்தோஷத்திலும் வரும்.

அப்புறம் நம் ஊர்ச் சொல் ஒன்று: கான் சியோங். கேன்டனீஸ் மொழியிலிருந்து சிங்கப்பூர்ப் பேச்சுக்கு வந்தது. பரபரப்பு, அவசரம், படபடப்பு எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். எதற்கெடுத்தாலும் பதறுபவரைக் ‘கான் சியோங் ஸ்பைடர்’ என்போம். என் கணக்கில் இதற்குச் சரியான ஆங்கிலமே கிடையாது. பரீட்சைத் தாளில் மட்டும் அது வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கதையில் பேசுகிற பாட்டியின் வாயில் வந்தால் நான் திருத்துவதில்லை.

அலுவலகத்தில் படிகள் ஒரு தளம் இறக்கிப் போட்டது போல இருக்கும். மேலதிகாரிக்கு ‘ஐ ஆம் பேனிக்கிங் அபவுட் த டெட்லைன்’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘ஐ ஆம் எ லிட்டில் கன்சர்ன்ட் அபவுட் த டெட்லைன்’ என்று எழுதுவார்கள். அதைப் படிக்கும்போது அந்த ‘எ லிட்டில்’ என்பதை நம்பிவிடாதீர்கள்.

டாக்டர் முன்னால்

மீண்டும் அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரைக்கு அலங்காரம் வேண்டும். டாக்டரிடம் அலங்காரம் வேண்டாம், இரண்டு தகவல் வேண்டும்: எவ்வளவு நாளாக, எத்தனை அடிக்கடி. கிளினிக்குகளில் பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்ற ஒரு கேள்வித்தாளைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 2006இல் வெளிவந்தது, ஏழே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இந்தத் தொல்லை எத்தனை அடிக்கடி இருந்தது என்று கேட்கும். இல்லவே இல்லை என்றால் பூஜ்ஜியம், சில நாள் என்றால் ஒன்று, பாதி நாளுக்கு மேல் என்றால் இரண்டு, அநேகமாகத் தினமும் என்றால் மூன்று. மொத்தம் 21. ஐந்து லேசானது, பத்து நடுத்தரம், பதினைந்து கடுமை என்று படி போட்டிருக்கிறார்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் இன்னும் விசாரிப்பார். முதல் கேள்வியிலேயே நெர்வஸ், ஆங்ஷியஸ், ஆன் எட்ஜ் மூன்றையும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஆன் எட்ஜ் என்பதை மேலே அவ்வளவு இழுத்துச் சொன்னேன்.

இதைத் தெரிந்துகொண்டால் வாக்கியம் தானாக அமையும். ‘ஐ ஹேவ் பீன் ஆன் எட்ஜ் ஃபார் டூ வீக்ஸ்.’ இரண்டு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. இந்த ‘ஹேவ் பீன்’ முக்கியம்: அப்போது தொடங்கியது, இன்னும் தீரவில்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ‘ஐ ஆம் ஆன் எட்ஜ் சின்ஸ் டூ வீக்ஸ்’ என்பது நம் வாயில் வரும் வடிவம், டாக்டருக்குப் புரியும், ஆனால் சரியானது முன்னது. ‘ஐ கான்ட் ஸ்டாப் வொரியிங்.’ கவலையை நிறுத்த முடியவில்லை. ‘இட் கம்ஸ் அண்ட் கோஸ்.’ வந்து வந்து போகிறது. ‘இட்ஸ் கெட்டிங் வர்ஸ்.’ நாளுக்கு நாள் கூடுகிறது. பாருங்கள், அந்தப் பழைய ‘கெட்’தான் இங்கேயும் கை கொடுக்கிறது.

உருவகம் ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று ஆம்புலன்ஸ் எண்ணான 995க்கு அழைக்கும்போது ‘மை ஹார்ட் இஸ் ஜம்பிங்’, ‘மை செஸ்ட் இஸ் ஆன் ஃபயர்’ என்றெல்லாம் போகாதீர்கள். ‘செஸ்ட் பெய்ன்’, ‘கான்ட் ப்ரீத்’, எத்தனை நிமிடமாக, எந்த புளோக், எந்த மாடி. இது பதற்றமா, மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கிற வேலை நமக்கு வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் தாங்கவில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. 2025இல் தொடங்கியது, வாட்ஸ்அப்பிலும் எழுதலாம். எழுதுவது சிலருக்குச் சுலபம், சொல்லைத் தேட நேரம் கிடைக்கும்.

அண்ணியை இரண்டாவது தடவை கிளினிக்குக்கு அனுப்பும் முன் மூன்று வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன். துணிக் கடை ரசீதின் பின்பக்கத்தில், தமிழ் எழுத்தில்தான். சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டே சொல்லிப் பார்த்தார். ‘ஆன் எட்ஜ்’ வரவில்லை, ‘ஆனேட்ஜ்’ என்று ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை, ஆங்கிலேயர்களும் ஒட்டித்தான் சொல்கிறார்கள் என்றேன். அதே டாக்டர். ‘ஐ ஹேவ் பீன் ஆன் எட்ஜ் ஃபார் த்ரீ வீக்ஸ், ஐ கான்ட் ஸ்லீப், இட்ஸ் கெட்டிங் வர்ஸ்’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாராம். டாக்டர் கணினித் திரையிலிருந்து நாற்காலியைத் திருப்பி, எப்போதிலிருந்து, வீட்டில் என்ன நடந்தது என்று இருபது நிமிடம் கேட்டிருக்கிறார். ஏழு கேள்வித் தாளும் வந்தது, பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது பாலிகிளினிக்குக்கு, கடிதமும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கைப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: ‘எல்லாம் நல்லாத்தான் கேட்டாரு. கிளம்பும்போது அந்தப் பட்டையை எடுத்து பிரஷர் பாக்காம மட்டும் விடல.’